வெயிலுக்கு எத்தனை வட்டி?

"வெயிலுக்குக் காசு இல்லை. காத்துக்கும் இல்லை. கரிக்குத்தான் காசு. அப்படியிருக்க சோலார் கரண்டுக்கு மட்டும் எதுக்குண்ணே இத்தனை லோன், இத்தனை மானியம், இத்தனை மாநாடு?"

சிவகங்கை மாவட்டத்துக் கல்லல் கடைத்தெருவில் டீ கிளாஸும் கையுமாக மாவு மில் நடத்தும் தம்பி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பொருளாதாரம் படித்தவர்கள் நூறு பக்கம் எழுதிச் சுற்றி வளைப்பதை இவர் நேராகக் கேட்டுவிட்டார். பதில் வட்டிக்குள் இருக்கிறது. வட்டியைப் பற்றி இந்தச் செட்டிநாட்டு வட்டாரத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பதால் கல்லலில் இதைச் சொல்வது எளிது.

சோலார் தகடு வாங்குவது என்பது இருபத்தைந்து வருஷத்து விறகையும் முதல் நாளே வாங்கி அடுக்குவது மாதிரி. அதற்கப்புறம் அடுப்பெரிக்கச் செலவு கிடையாது. ஆனால் அந்த முதல் நாள் பணம் யாருடையது, என்ன வட்டிக்கு வந்தது என்பதுதான் மீதி எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். வீட்டுக் கூரைக்கு 3 கிலோவாட் சோலார். சுமார் 2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கத்து வெயிலுக்கு வருஷம் 4,000 யூனிட் தாராளமாக வரும். 25 வருஷம் உழைக்கும். பராமரிப்பு, மானியம் இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம். வட்டியே இல்லாத பணமாக இருந்தால் யூனிட் 2 ரூபாய். வருஷத்துக்கு 6 சதவீத வட்டி என்றால், 25 வருஷத்தில் அடைக்கும் கணக்கில், யூனிட் ஏறக்குறைய 3 ரூபாய் 90 காசு. நம்மூர்ப் பேச்சில் 'ஒரு வட்டி', அதாவது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், வருஷத்துக்கு 12 சதவீதம் என்றால் 6 ரூபாய் 40 காசுக்குப் பக்கத்தில் வந்துவிடும். 'ரெண்டு வட்டி'க்கு வாங்கினால் 12 ரூபாய்.

அதே தகடு, அதே கூரை, அதே பங்குனி வெயில். விலை மட்டும் 2 ரூபாயிலிருந்து 12 ரூபாய் வரை. வெயில் இலவசம்தான், வெயிலைப் பிடிக்கிற முதலுக்குத்தான் விலை.

நிலக்கரி இதற்கு நேர்மாறு. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒடிசாவில் வெட்டிய கரி பாரதீப் துறைமுகத்தில் கப்பல் ஏறி இங்கே வந்து இறங்கி எரிகிறது. கட்டுமானத்துக்குக் கடன் உண்டுதான். ஆனால் யூனிட் விலையில் பெரும்பங்கு அன்றாடம் எரிக்கும் கரிக்கும் அதன் கப்பல் கூலிக்கும் போகிறது. வட்டி ஏறினால் கரி மின்சாரத்தின் விலை கொஞ்சம் ஏறும்; சோலார் விலை எகிறிவிடும். அதனால் வட்டி மலிவாக இருக்கும் நாட்டில் சூரியன் கரியைச் சுலபமாக ஜெயிக்கிறது. வட்டி அதிகமாக இருக்கும் நாட்டில், வெயில் கொளுத்தினாலும், காகிதத்தில் கரியே மலிவாகத் தெரிகிறது. ஜெர்மனிக்கு நம்மைவிட வெயில் ரொம்பக் குறைவு. ஆனாலும் அவர்களால் அத்தனை கூரையில் தகடு வைக்க முடிந்ததற்கு அங்கே கடன் கிடைக்கும் விலை ஒரு பெரிய காரணம்.

இதைப் பெரிய அளவில் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. செலவு சுமார் 4,550 கோடி ரூபாய். அது அத்தனையும் கடன் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், வட்டி ஒரு சதவீதம் கூடினால் வருஷத்துக்கு 45 கோடி. யூனிட்டுக்குப் பிரித்தால் 40 காசு சொச்சம் என்பது என் குத்துமதிப்பு. ஒரே ஒரு சதவீதத்துக்கு இந்த வித்தியாசம்.

சிவகங்கை மாவட்டத்துக்கு இதில் ஒரு மூத்த பங்கு உண்டு, பலருக்கு ஞாபகம் இல்லை. 2010 டிசம்பரில், நாட்டில் பெரிய சோலார் நிலையங்கள் விரல் விட்டு எண்ணும்படி இருந்த காலத்தில், இந்த மாவட்டத்தில் 5 மெகாவாட் நிலையம் ஒன்று ஓடத் தொடங்கியது. அந்த வருஷம் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சூரிய மின்சாரத்துக்குப் போட்ட விலை யூனிட்டுக்கு 17 ரூபாய் 91 காசு. கமுதி ஒப்பந்தத்தில் அது 7 ரூபாய் 1 காசு. 2017-ல் தமிழ்நாடு விட்ட ஏலத்தில் 3 ரூபாய் 47 காசு. இந்த இறக்கத்தில் பெரும்பங்கு தகட்டு விலை சரிந்ததால். சீனத் தொழிற்சாலைகளுக்கு அந்தப் புண்ணியம் சேரும். ஆனால் மீதி இறக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதில்தான் சுவாரஸ்யம்.

மத்தியப் பிரதேசத்தில் ரேவா என்று ஓர் ஊர். 2017 பிப்ரவரியில் அங்கே 750 மெகாவாட்டுக்கு ஏலம் விட்டார்கள். முதல் வருஷத்துக்கு 2 ரூபாய் 97 காசு, பிறகு பதினைந்து வருஷம் ஆண்டுக்கு 5 காசு ஏற்றம். சராசரி பார்த்தால் 3 ரூபாய் 30 காசு. அதற்கு ஒரு வருஷம் முன்புவரை நாட்டிலேயே குறைந்த விலை 4 ரூபாய் 34 காசாக இருந்தது. ரேவாவில் வெயில் திடீரென்று கூடிவிடவில்லை. தகட்டு விலை இறங்கியதோடு இன்னொன்றும் நடந்தது. மின்சாரம் வாங்குகிறவர் பணம் தராவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்துக்கு மூன்று அடுக்காகப் பதில் எழுதினார்கள். முதலில் வங்கியின் கடன் உறுதிக் கடிதம். அது போதாவிட்டால் தனியாக ஒதுக்கிய ஒரு நிதி. அதுவும் தீர்ந்தால் மாநில அரசின் உத்தரவாதம். வாங்குகிறவர்களில் ஒருவர் டெல்லி மெட்ரோ, பணம் ஒழுங்காக வரும் இடம். கடன் கொடுக்கிறவனுக்குத் தூக்கம் வந்தது. தூக்கம் வந்தால் அவன் வட்டியைக் குறைப்பான்.

ரங்கூனில் நம்மவர்கள் செய்ததும் இதே கணக்குத்தான். அங்கே வட்டித் தொழில் நடத்திய நகரத்தார் மாதம் ஒரு முறை கோயிலில் கூடி நடப்பு வட்டி என்று ஒன்றை முடிவு செய்வார்கள். தங்களுக்குள் புழங்கும் பணத்துக்கு அதுவே அடிப்படை. ஈடு வைத்து வாங்கும் வெளியாருக்கு அதற்கு மேலே, ஈடு இல்லாதவருக்கு இன்னும் மேலே. பணம் ஒன்றுதான், வாங்குகிற கையைப் பார்த்து விலை மாறும். இன்று உலக வங்கியிலிருந்து காரைக்குடி வங்கிக் கிளை வரை எல்லாரும் அதே நடப்பு வட்டிக்கு மேல்தான் அடுக்கிக்கொண்டு போகிறார்கள்; கணக்குப் பிள்ளைக்குப் பதில் கம்ப்யூட்டர்.

தமிழ்நாட்டுக்கு இந்த இடத்தில்தான் இடிக்கிறது. காற்றாலையில் நாம் நாட்டுக்கே முன்னோடி. 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் தொடங்கி, முப்பந்தலில் காடாக வளர்ந்தது. ஆனால் காற்றாலைக்காரர்களுக்கு மின்வாரியம் பணம் தருவதில் மாதக் கணக்கிலும், சில காலம் வருஷக் கணக்கிலும் தாமதம் ஆனது. வாரியத்தின் மேல் பழி போடுவது சுலபம். அதன் ஐந்தொகையைப் பாருங்கள்: 2023 வாக்கில் சேர்ந்துபோன நட்டம் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தை எந்த ஆட்சியும் நேராக நிரப்பவில்லை. 2022-ல் மத்திய அரசு தாமதக் கட்டண விதிகளைக் கொண்டுவந்து, பழைய பாக்கியை 48 மாதத் தவணை வரை பிரித்துக் கட்டச் சொன்ன பிறகு நிலைமை கொஞ்சம் சீரானது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பசுமைக்கு மாற ஒரு மாநிலம் செய்யக்கூடிய மிக மலிவான காரியம் வாங்கிய கரண்டுக்கு நாள் தவறாமல் பணம் கொடுப்பது. அதற்குத் திறப்பு விழா கிடையாது, போஸ்டர் கிடையாது. ஆனால் 'அந்த வாரியம் தேதிக்குக் கொடுக்கும்' என்ற பேர் வந்துவிட்டால், அடுத்த ஏலத்தில் வரும் ஒவ்வொரு கம்பெனிக்கும் வங்கி அரை சதவீதம், முக்கால் சதவீதம் குறைத்துக் கொடுக்கும். அது நம் வீட்டுக் கரண்டு பில்லில் வந்து சேரும்.

வரிச் சலுகையாலும் காற்றாலை வளர்ந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுசாகாது. வாங்கிய வருஷமே காற்றாலையின் விலையில் பெரும்பங்கைத் தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைக்கலாம் என்றதும், கோவை, திருப்பூர் மில்காரர்கள் வரிசையில் நின்றார்கள். 2012-ல் அந்தத் தேய்மானத்தை 80 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைத்தார்கள்; அடுத்த வருஷமே நாட்டில் புதிய காற்றாலைகள் ஏறக்குறைய பாதியாகிவிட்டன. 2014-ல் மறுபடியும் 80. காற்று எல்லா வருஷமும் ஒரே மாதிரிதான் அடித்தது. இந்தச் சலுகையால் லாபம் வரி கட்டுகிற அளவுக்குச் சம்பாதிப்பவருக்குத்தான். மாவு மில் தம்பிக்கு அதில் எதுவும் இல்லை.

"அப்படின்னா வட்டி கம்மியா இருக்கிற வெளிநாட்டுல வாங்கிட வேண்டியதுதானே?" என்று தம்பி உடனே பிடித்தார். கல்லல்காரர் கேட்கக்கூடிய கேள்விதான். இங்கே பாதிப் பேர் வீட்டில் வெளிநாட்டுப் பணம் தெரிந்த பாட்டன் ஒருவர் இருந்திருப்பார். டாலர் கடனுக்கு வட்டி குறைவு. ஆனால் 2010-ல் டாலர் 45 ரூபாய் சொச்சம். 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. சோலார் நிலையம் கரண்டு விற்பது ரூபாயில், கடன் அடைப்பது டாலரில். வட்டியில் மிச்சம் பிடித்ததை ரூபாய் இறக்கம் விழுங்கிவிடும். அதற்குக் காப்பு எடுத்தால் அதன் செலவும் சேர்ந்து, உள்ளூர் வட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மலாயாவில் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு 1945-ல் ஒரே நாளில் காகிதமான கதை இந்த வட்டாரத்துக்குத் தெரியும். எந்தக் காசில் கடன் என்பதை வட்டி எவ்வளவு என்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.

மாநாடுகளில் அடிபடும் பெரிய தொகைகளையும் இந்தக் கண்ணாடியில் பார்க்கலாம். ஏழை நாடுகளுக்கு வருஷம் 10,000 கோடி டாலர் என்று பணக்கார நாடுகள் 2009-ல் கோபன்ஹேகனில் வாக்குக் கொடுத்தன. 2020-க்குள் வர வேண்டியது, அவர்கள் கணக்குப்படியே 2022-ல்தான் எட்டியது. அதில் அரசுகள் வழியாக வந்த பணத்தில் ஏறத்தாழ எழுபது சதவீதம் கடன். 2024-ல் பாகு நகரில் இலக்கை 2035-க்குள் வருஷம் 30,000 கோடி டாலர் என்று உயர்த்தினார்கள். எவ்வளவு என்பதைப் பற்றி விடிய விடியச் சண்டை. என்ன வட்டிக்கு, எந்தக் காசில் என்பதைப் பற்றி அதில் கால்வாசிச் சண்டைகூட இல்லை. எனக்கு இது வேடிக்கையாகவே படுகிறது. செட்டிநாட்டுப் பெட்டியடிப் பையன்கூட அதைத்தான் முதலில் கேட்டிருப்பான்.

'பசுமைப் பத்திரம்' என்றொரு ஏற்பாடு உண்டு. சோலார், மெட்ரோ ரயில் மாதிரி வேலைகளுக்கு என்று தனியாகப் பேர் சொல்லி அரசு கடன் வாங்குவது. இந்திய அரசு 2023 ஜனவரி 25 அன்று முதல் தவணையாக 8,000 கோடி ரூபாய்க்கு விற்றது. நல்ல காரியத்துக்கு என்பதால் வட்டி குறைந்ததா? குறைந்தது: நூற்றுக்கு ஐந்து ஆறு காசு. அடுத்தடுத்த ஏலங்களில் அதுவும் கரைந்துபோனது. பச்சை என்று பேர் வைத்ததற்காக யாரும் பெரிதாகத் தள்ளுபடி தருவதில்லை.

கடன் கொடுக்கிறவர் பக்கமும் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பர்மாவில் 1930 வரை நகரத்தார் கொடுத்த கடனுக்கு ஆதாரம் நெல். நெல் விலை நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் அத்தனை கோடியும் போனது. உலக மந்தத்தில் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, ஈடாக வைத்த நிலம் திரும்பியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த நகரத்தார் நிலம், 1937 வாக்கில் 25 சதவீதம் ஆனது. யாரும் ஆசைப்பட்டு வாங்கிய நிலம் இல்லை அது. 1942-ல் ஜப்பான் படை வந்தது. 1948-ல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை அரசுடைமையாக்கச் சட்டம் போட்டது. ஏட்டில் சொத்து, கையில் ஒன்றுமில்லை.

கரியில் மாட்டிய பணம் இந்த ரகம்தான். 2018-ல் நாடாளுமன்ற எரிசக்தி நிலைக்குழு ஒரு பட்டியல் கொடுத்தது: 34 அனல்மின் நிலையங்கள், 40,000 மெகாவாட்டுக்கு மேல், வங்கிகளுக்கு வர வேண்டியது 1.74 லட்சம் கோடி ரூபாய். அத்தனையும் திணறலில். கரி கிடைக்காதது, கரண்டு வாங்க ஆள் இல்லாதது, கட்டி முடிக்கத் தாமதம் என்று காரணங்கள் பல. சோலார் அந்தப் பட்டியலில் சின்னக் காரணம்தான். ஆனால் இனிமேல் நாற்பது வருஷ ஆயுளோடு ஒரு கரி நிலையம் கட்ட யாராவது கடன் கேட்டால், 'இருபதாவது வருஷத்தில் இந்தக் கரண்டை யார், என்ன விலைக்கு வாங்குவார்' என்று வங்கி மேலாளர் கேட்கத்தான் வேண்டும். பர்மா நெல்லைப் பற்றி 1925-ல் யாரும் கேட்காத கேள்வி அது.

இராத்திரிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பேட்டரி. அதுவும் மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கேட்கும் சரக்கு, அதனால் வட்டிக்கு இன்னும் கூச்சம் அதிகம். பேட்டரி ஆராய்ச்சிக்கு நாட்டில் பேர் போன இடம், இங்கிருந்து பஸ் ஏறினால் சீக்கிரம் போய்ச் சேரக்கூடிய காரைக்குடியில் இருக்கிறது: மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். வட்டித் தொழில் வளர்த்த ஊரில் அது வட்டியே கேட்காத பணம். பலன் எப்போது வரும் என்று தெரியாத ஆராய்ச்சிக்கு எந்த வட்டிக்கும் கடன் ஒத்து வராது. அங்கே கொடையோ அரசுப் பணமோதான் முதலில் போக வேண்டும். நிச்சயமான வருமானம் வரும் கட்டத்தில்தான் கடனுக்கு வேலை.

சரி, நம் கூரைக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். 2 லட்சத்தில் அது போக 1,22,000. இதற்கு ஈடு இல்லாத வங்கிக் கடன், ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்துக்கு மேல் அரை சதவீதம் என்ற கணக்கில். இன்றைக்கு 6 சதவீதத்தை ஒட்டி வரும். நம் வாழ்நாளில் இத்தனை குறைந்த வட்டிக்கு ஈடில்லாமல் கடன் கிடைப்பது அபூர்வம். பத்து வருஷத்தில் அடைத்தால் மாதம் 1,350 ரூபாய் சொச்சம்.

இது யாருக்குக் கட்டும்? ஏசி ஓடும் வீடு, இரண்டு மாதத்துக்கு 900 யூனிட். 2024 ஜூலைக் கட்டணப்படி பில் ஆறாயிரத்தை ஒட்டி. தகடு வைத்தால் 660 யூனிட் கழியும். பில் ஐந்நூறுக்குள் அடங்கும். இரண்டு மாதத் தவணை 2,700 போக, முதல் நாளிலிருந்தே கையில் மிச்சம். இரண்டு ஃபேன், ஒரு டிவி, ஒரு ஃபிரிட்ஜ் வீடு 300 யூனிட் எரித்தால், முதல் 100 இலவசம், மீதிக்கும் அரசு மானியம். பில்லே எழுநூறு ரூபாய் சொச்சம்தான். அந்த வீடு 3 கிலோவாட் வைத்துத் தவணை கட்டினால் நட்டம். அதாவது 78,000 ரூபாய் மானியம் ஏசி வீட்டைத் தேடிப் போகிறது. வீட்டு வாசலுக்கு வரும் ஏஜெண்டு இதைச் சொல்ல மாட்டார். அதோடு, வங்கிக் கடன் இழுக்கும் என்று சொல்லித் தனியார் ஃபைனான்ஸில் 'ஒண்ணேகால் வட்டி'க்குக் கையெழுத்து வாங்கப் பார்ப்பார். மேலே போட்ட கணக்கை ஒரு தடவை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று பாக்கி. மாவட்டத்திலேயே பெரிய கூரைகள் நகரத்தார் வீடுகளின் கூரைகள். முகப்பிலிருந்து பின்கட்டு வரை இரண்டு தெருவைத் தொடும் வீடுகள். அவற்றில் பல, பத்து இருபது பங்காளிகளுக்குப் பொது; ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். கூடுவது கல்யாணத்துக்கும் படைப்புக்கும். கடன் பத்திரத்தில் யார் கையெழுத்துப் போடுவது? மின் இணைப்பு இறந்துபோன தாத்தா பேரில். வருஷம் முழுக்கப் பூட்டிய வீட்டில் எரிவது நூறு யூனிட்கூட இல்லை. வெயில் இருக்கிறது, இடம் இருக்கிறது, கடனாளி இல்லை. வங்கியைப் பொறுத்தவரை அப்படியொரு கூரையே இல்லை.

சின்ன வீட்டுக்கும் இந்தப் பெரிய வீட்டுக்கும் சேர்த்து ஒரு வழி திட்டத்துக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறார்கள். 2024 டிசம்பர் கடைசியில் வந்த வழிகாட்டு நெறிகளின்படி, மின்வாரியமோ ஒரு கம்பெனியோ தன் பணத்தில் கூரையில் தகடு வைக்கலாம். வீட்டுக்காரர் கடன் வாங்க வேண்டியதில்லை. பணம் வராவிட்டால் ஈடுகட்ட 100 கோடி ரூபாய் நிதியும் ஒதுக்கியிருக்கிறார்கள். ரேவாவின் நடு அடுக்கு மாதிரி. பங்காளிகளின் ஒப்புதல் கடிதம் அப்போதும் வேண்டும்தான், ஆனால் கடன் பத்திரத்துக்குக் கையெழுத்து வாங்குவதைவிட அது சுலபம். வாரியம் இதைச் செய்ய இறங்கினால் அதற்கும் யாராவது கடன் கொடுக்க வேண்டும். ஒன்றரை லட்சம் கோடி நட்டத்தை ஐந்தொகையில் வைத்திருக்கும் வாரியத்துக்கு என்ன வட்டி போடுவார்கள் என்று தம்பி கேட்டார். நாம் போய்க் கேட்டால் போடுவதைவிட நிச்சயம் கூட என்றேன். மாநில அரசு ஜாமீன் நின்றால் குறையும். அந்த ஜாமீனுக்கு எவ்வளவு கட்டணம் என்று அடுத்த கேள்வி போட்டுவிட்டு, மில்லில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லி வண்டியை எடுத்தார்.